வழியோரத்துப் பந்தி



இன்று நாம் கேட்ட நற்செய்தி, மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. மகளுக்கு வரன் அமையாமல் தள்ளிப்போகும்போது, நகைக்கடனுக்குத் தவணை நெருங்கும்போது, குளம் வற்றிப் பிசானப் பயிர் கருகும்போது நாம் திறந்து வாசிக்கிற பகுதி. கவலை வேண்டாம் என்று ஆண்டவர் சொல்கிறார், மனம் கொஞ்சம் ஆறுகிறது, வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம்.

ஆனால் இயேசு கவலை வேண்டாம் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னார். நோய் தீரும் என்று மருத்துவர் சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் வாங்காமல் வீடு திரும்புகிறவர்களைப் போல நாம் இருக்கிறோம். மத்தேயு இங்கே எழுதும் கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணை நிறுத்தி உற்றுப் பார்ப்பது என்று பொருள். லூக்கா இதே போதனையை எழுதும்போது, கவனித்து மனத்தில் வாங்குவது என்கிற சொல்லைப் போடுகிறார். அவர் எழுதிய நற்செய்தியில் இயேசு காட்டுகிற பறவை காகம். லேவியர் நூல் உண்ணத் தகாதவை என்று ஒதுக்கிய வரிசையில் இருக்கிற பறவை. அதைக் கவனியுங்கள் என்கிறார். இதை நான் ஒரு கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் போதனையை மலைமேல் அமர்ந்து கேட்டவர்கள் யார்? கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்கிறவர்கள், ஏரியில் வலை வீசுகிறவர்கள். அவர்கள் வாழ்ந்த நாடு மூன்று கண்டங்கள் வந்து சேரும் ஒடுங்கிய நிலம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே போய்வருகிற பறவைகள் ஆண்டுக்கு இரண்டு முறை கோடிக்கணக்கில் அதன்மேல் கடந்துபோகின்றன. செங்கால் நாரைகள் கூட்டங்கூட்டமாக வட்டமிட்டு வடக்கே போவதைக் கலிலேயாவின் பிள்ளைகள் ஒவ்வொரு வசந்தத்திலும் பார்த்திருப்பார்கள். அதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே எரேமியா அழுதுகொண்டு சொன்னதும் இதைத்தான்: நாரைக்கும் புறாவுக்கும் தகைவிலானுக்கும் தாங்கள் வரவேண்டிய காலம் தெரிகிறது, என் மக்களுக்கு மட்டும் ஆண்டவரின் நெறி தெரியவில்லை. தகைவிலான் எங்கோ வேதாகமத்துக்குள் மட்டும் இருக்கிற பறவை என்று எண்ணாதீர்கள். நம் குளத்துக்கரை மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறதே, பிளவுபட்ட வாலும் செம்பழுப்புத் தொண்டையுமாக ஒரு சின்னக் குருவி, கலிலேயாவின் வயல்கள்மேல் பறப்பதும் அதே இனம்தான்.

நான் இந்தப் பங்குக்கு வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்தவன் இல்லை. இந்தக் கோவிலிலிருந்து நம் இரண்டு கிளைப்பங்குகளுக்கும் போய்வருகிற சாலை பதினொரு கிலோமீட்டர். அந்தத் தூரத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கலாம் என்பதே என் எண்ணமாக இருந்தது. ஒரு மாசி மாதக் காலையில் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. உதவிக்கு ஆள் வர முக்கால் மணி நேரம் ஆனது. நெல் அறுத்த வயல், வெறும் தாள், அதன் நடுவே ஒரு மின்கம்பம். கம்பியில் மண்நிறத்தில் ஒரு பறவை, கழுத்தே இல்லாததுபோல் குறுகி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. திடீரென்று அது தரைக்கு இறங்கியது. விரிந்த சிறகில் இரண்டு நீலம்! ஒன்று ஆழ்ந்த நீலம், ஒன்று வானத்தின் நீலம். வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு மறுபடி கம்பிக்கு வந்து, மறுபடி மண்நிறத்தில் ஒடுங்கிக்கொண்டது. பனங்காடை. உங்களில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்திருக்கும். நான் அன்றுதான் பார்த்தேன். எத்தனையோ முறை அந்தக் கம்பியின் கீழ்தான் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தச் சாலையை நான் மாதக் கணக்கில் படிக்கத் தொடங்கினேன்.

ஆனி, ஆடியில் மேற்கே மலைமேல் சாரல் விழும்போது நம் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். கால்வாயில் தண்ணீர் வந்த இடங்களில் கார் நடவுக்குத் தொளி அடிப்பார்கள். முன்பு ஏருக்குப் பின்னால் நடந்த உண்ணிக்கொக்குகள் இப்போது டிராக்டருக்குப் பின்னால் நடக்கின்றன. அந்த மாதங்களில் அவற்றின் தலையும் கழுத்தும் வெள்ளையாக இருக்காது, மஞ்சள் கலந்த செம்பழுப்பு ஏறியிருக்கும். அது குஞ்சு பொரிக்கிற காலத்துக்கு ஆண்டவர் உடுத்திவிடுகிற உடுப்பு. லீலி மலரின் உடையைப் பற்றி இன்று கேட்டோம் அல்லவா? கொக்குக்கும் அதே தையற்காரர்தான்.

அன்னையின் பிறப்பு விழாக் கொடி இறங்கி இரண்டு வாரம் போகட்டும், கம்பிகளில் தகைவிலான்கள் வந்து சேர்ந்திருக்கும். ஐப்பசியில் மழை பிடித்து வயல் பச்சையானதும் கிணற்றடிப் பனையிலும் ஈச்சமரத்திலும் தூக்கணாங்குருவி வேலையை ஆரம்பிக்கும். ஆண்குருவி நெல் தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்து நூற்றுக்கணக்கான தடவை பறந்து கொண்டுவருகிறது. பாதி கட்டிய கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி வைக்கிறது. பெண்குருவி வந்து பார்க்கும். அதன் மனம் ஒப்பினால்தான் கூடு முழுமையாகும். ஒப்பாவிட்டால் அது அப்படியே நின்றுபோகும், ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கும். ஒரே ஓலையில் நின்றுபோன மூன்று கூடுகளைப் பார்த்திருக்கிறேன். வரன் தேடித் தேடிக் களைத்துப்போன பெற்றோர்களே, அந்தப் பனையடியில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

மார்கழியில் கேரல் பாடிவிட்டு இரவில் திரும்பும்போது இருட்டில் தலைக்கு மேலே கனத்த குரல்கள் கேட்கும். பிள்ளைகள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வரித்தலை வாத்துகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையை ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில்கூடக் கடந்து, குளிர்காலத்துக்கு நம் கூந்தன்குளத்துக்கு வருகின்றன. கஜகஸ்தானின் புல்வெளியிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து நம் மானாவாரி நிலத்தின்மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடுகின்றன. அந்தி நேரத்தில் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு புகைபோலச் சுழன்று மரத்தில் அடைகின்றன. இவை எதற்கும் நாம் அழைப்பிதழ் அனுப்பவில்லை. நம் வயலில் தங்களுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று யாரோ அவற்றுக்குச் சொல்லியிருக்கிறார்.

சித்திரை வெயிலில் வருவதும் போவதும் குறைந்துவிடும். ஆனால் ஆள்காட்டியைப் பாருங்கள். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் தரையில், சரளைக்கல் நடுவே, கல்லைப் போலவே நிறம்கொண்ட நான்கு முட்டைகளை இடும். மண் கொதிக்கிற நேரத்தில் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். எருசலேமைப் பார்த்து, சிறகுக்குள் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளும் கோழியைப் போல உன்னைச் சேர்க்க விரும்பினேனே என்று ஏங்கிய ஆண்டவர், ஆள்காட்டியையும் கட்டாயம் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, பார்த்தால் என்ன தெரிகிறது?

கடவுள் பறவைக்கு ஊட்டுகிறார் என்கிறது நற்செய்தி. எப்படி ஊட்டுகிறார்? வானத்திலிருந்து அலகுக்குள் எதுவும் விழுவதை நான் இதுவரை பார்க்கவில்லை. பனங்காடை காத்திருக்கிறது. கொக்கு நடையாய் நடக்கிறது. பூனைப்பருந்து காலை முழுவதும் பறக்கிறது. உழைக்காதே என்று ஆண்டவர் சொல்லவில்லை என்பது வழியோரத்தில் கால்மணி நேரம் நின்றாலே விளங்கிவிடும். இன்னொன்றும் விளங்கும். பறவைக்கு ஏர் இல்லை, அரிவாள் இல்லை, குலுக்கை இல்லை. அப்படியென்றால் அது தின்பதை விளைவித்தது யார்? இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கிற நீங்கள். நீங்கள் தண்ணீர் கட்டிய வயலில்தான் நத்தை வளர்கிறது, அதைத் தின்ன நத்தைக்குத்தி நாரை வருகிறது. நீங்கள் உழுத மண்ணில்தான் புழு மேலே வருகிறது. நீங்கள் வரப்பில் விட்ட பனையில்தான் தூக்கணாங்குருவி தொங்குகிறது. விண்ணகத் தந்தை பறவைகளுக்குப் பந்தி விரிக்கிறார், சகோதர சகோதரிகளே, அந்தப் பந்தி நம் வயலில் விரிந்திருக்கிறது. பரிமாறுகிற கை நம்முடைய கை.

இது நான் புதிதாகச் சொல்வதில்லை. விடுதலைப்பயண நூலில் ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடச் சொன்ன ஆண்டவர், அதில் தானாக விளைவதை முதலில் ஏழைகளுக்கும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகளுக்கும் எழுதிவைத்தார். அறுப்பின் கணக்கில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

நம் முன்னோர்கள் வேறு வழியாக இதை அறிந்திருந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்த ஆங்கிலச் சிப்பாய்களைத் தடுக்கும்படி ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்துப்பூர்வமாக உத்தரவு பெற்றார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கூந்தன்குளம் சரணாலயம் ஆனது 1994-இல்தான். அரசு பலகை நடுவதற்கு முன்பே அந்த ஊர் மக்கள் தெருவேம்பிலும் புளியமரத்திலும் நாரைகளைக் கூடு கட்ட விட்டிருந்தார்கள். தீபாவளிக்கு அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். அவர்களில் பலர் நம் நற்செய்தியை வாசித்தவர்கள் அல்லர். ஆனாலும் இன்றைய வசனத்துக்கு அவர்கள் நம்மைவிட நன்றாகக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள். இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது கடினமான ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பந்தியில் விஷம் கலந்தால்? கழுகை உங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், செத்த மாட்டைத் தின்ன வருகிற பிணந்தின்னிக் கழுகு. இந்தியா முழுவதும் அவற்றின் முக்கிய இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோயின. காரணம் 2004-இல்தான் உறுதியாகத் தெரிந்தது. மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறைய நாம் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. மருந்து உடலில் இருக்கும்போது மாடு செத்தால் அதைத் தின்கிற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. யாரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. பாவப்பட்ட மாட்டின்மேல் இரங்கித்தான் ஊசி போட்டார்கள். ஆனால் பார்க்கவில்லை. வானம் காலியாகிக்கொண்டே வந்ததைப் பல வருடம் நம்மில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில், நம்மால் அழிந்துபோன உயிரினங்கள் இனிமேல் தங்கள் இருப்பால் கடவுளுக்குப் புகழ் செலுத்த முடியாது, அவற்றை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்று வருந்தி எழுதினார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கழுகு நினைவுக்கு வருகிறது.

நீங்கள் பூச்சிமருந்து தெளிப்பதை இந்தப் பீடத்திலிருந்து நான் கண்டித்துவிட்டுப் போகமாட்டேன். கடன் யார் தலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். தெளிக்கும் முன் வயலில் அங்கங்கே பறவைத் தாங்கி நட்டுப் பாருங்கள். காய்ந்த தென்னை மட்டை போதும். கரிச்சான் வந்து உட்காரும். விடியும் முன்பே விழித்து, நாள் முழுவதும் புழுவையும் அந்தையும் பிடிக்கும். கூலி கேட்காது. வேளாண்மைத் துறை அதிகாரிகளே பல வருடமாகச் சொல்லிவருவதுதான்.

மயிலைப் பற்றி நீங்கள் என்னிடம் வருத்தத்தோடு சொல்வதையும் மறக்கவில்லை. நாற்றங்காலைக் கிளறிவிடுகிறது, கதிரை உருவிவிடுகிறது, தேசியப் பறவை என்பதால் கைவைக்கவும் முடியாது, நஷ்டம் மட்டும் நமக்கு. உண்மைதான், அந்த நஷ்டத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் விஷம் கலந்த நெல்லைத் தூவுகிற வழி வேண்டாம். அதை மயில் மட்டுமா தின்னும்? புறா தின்னும், கவுதாரி தின்னும், அவற்றைக் கவ்வுகிற நாய் தின்னும். பக்கத்தில் நம் பிள்ளைகளும்தான் விளையாடுகிறார்கள். நிவாரணம் கேட்டு மனு எழுதுவோம். பங்குப் பேரவை சார்பில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு உங்களோடு நானும் வருகிறேன்.

இன்னொன்று, நம் நெடுஞ்சாலை ஓரத்தில் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்களே, மடையான், காடை, கவுதாரி. சில நேரம் உயிரோடு. நம்மவர்களும் வண்டியை நிறுத்தி வாங்குகிறார்கள். இயேசுவின் காலத்திலும் சந்தையில் இப்படித்தான் விற்றார்கள். மத்தேயு சொல்கிற விலை, ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா சொல்கிற விலை, இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்குக்குத்தான் விலை, ஐந்தாவது கொசுறு. எந்த விலையும் இல்லாத அந்த ஐந்தாவது குருவியைக்கூடக் கடவுள் மறக்கவில்லை என்கிறார் ஆண்டவர். ஏழையின் இறைச்சி அது. காணிக்கையிலும் ஏழைக்குப் பறவைதான்: குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது ஆட்டுக்கு வழியில்லாத மரியாவும் யோசேப்பும் கொடுக்கும்படி சட்டம் அனுமதித்தது ஒரு சோடிப் பறவைகளை.

இணைச்சட்ட நூலில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. வழியில் மரத்திலோ தரையிலோ கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, தாயைப் போகவிடு. அதற்கு ஆண்டவர் சேர்த்திருக்கிற வாக்குறுதியைக் கவனியுங்கள்: உனக்கு நலமாகும், நீ நெடுங்காலம் வாழ்வாய். தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளைக்கு அதே நூலில் கொடுத்த அதே வாக்குறுதி. பெற்ற தாய்க்கும் கூட்டிலிருக்கிற தாய்க்கும் ஒரே பரிசை வைத்திருக்கிறார். வயல்வெளிப் பறவையைப் பிடிப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இனி இந்தப் பங்கில் எந்த வீட்டிலும் அந்த இறைச்சி கொதிக்கக் கூடாது. விற்கிறவர் வீட்டிலும் வறுமைதான், அவரை ஏசாதீர்கள். வாங்காமல் வாருங்கள், போதும்.

நம் நாட்டின் பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1896-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படி ஏறினார். அந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. 1985-இல் வந்த தன்வரலாற்றுக்கு ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். தந்தை அறியாமல் ஒரு குருவியும் தரையில் விழுவதில்லை என்ற இயேசுவின் சொல், ஷேக்ஸ்பியர் வழியாக, ஓர் இசுலாமியப் பெரியவரின் நூல் அட்டைக்கு வந்து சேர்ந்தது. ஒரு குருவி விழுந்ததை அவர் ஒருவர் நின்று பார்த்தார், அதனால் எத்தனையோ பறவைகளின் காடுகளும் குளங்களும் பிழைத்தன.

வரும் புதன் திருநீற்றுப் புதன். நோன்பைப் பற்றியும் காணிக்கையைப் பற்றியும் அன்று பேசுவோம். இன்று உங்களிடம் கேட்பது, தவக்காலத்தின் ஒவ்வொரு வாரமும் கால்மணி நேரம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளை எண்ணுகிறவர்கள் ஓர் இடத்தில் குறைந்தது நிற்கிற நேரம் அதுதான். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் வயதானவர்களைக் கேளுங்கள், நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பெயர்கள் எனக்குக்கூடத் தெரியாது. எதைப் பார்த்தீர்கள் என்று அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் எனக்கு வந்து சொல்லுங்கள்.

குளத்துக்கரை வளைவில் இன்று காலை நான் வரும்போது கம்பியில் நாற்பத்தொரு தகைவிலான்கள் இருந்தன. உயிர்ப்பு விழா முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.